டாக்டர்தான் கொலையாளி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஸார், இப்ப போன் வச்சிருக்கிறவன் எல்லாம் பட விமரிசனம் எழுதுறான். படம் வந்த அன்னைக்கே முடிவையும் போட்டுடுறான். உங்க காலத்துல ஒரு தரம் இருந்துதுல்லா? அதைப் பத்தி எழுதித் தரணும்" என்றார் ஒருவர். மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள். காப்பி குடித்தார்கள். போய்விட்டார்கள்.

தரத்தைப் பற்றிக் கேட்க இந்த ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், ஓர் இரும்புக்கடையின் மாடியில், மாதம் இரண்டு முறை வந்துகொண்டிருந்த தமிழ்ப் பத்திரிகையில் முப்பத்தொரு வருஷம் துணை ஆசிரியராக இருந்தேன். பத்திரிகையின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால், "அப்படி ஒண்ணு இருந்துதா?" என்று கேட்பீர்கள். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. கீழே கம்பி வெட்டுகிற சத்தம், பக்கத்து மண்டியிலிருந்து மிளகாய் நெடி. இந்த இரண்டுக்கும் நடுவில் இலக்கியம் வளர்த்தோம். தும்மிக்கொண்டே வளர்த்தோம்.

முதல் இரண்டு வருஷம் எனக்குக் கொடுத்தது இரங்கல் செய்தியும் கொடியேற்றச் செய்தியும். யார் இறந்தாலும் 'ஈடுசெய்ய முடியாத இழப்பு', எந்தக் கோயிலில் கொடி ஏறினாலும் 'பக்தர்கள் வெள்ளம்.' பிறகு புரூஃப் பார்க்க விட்டார்கள். அதன் பிறகு 'வாசகர் பார்வை' என்ற பக்கத்தை என் தலையில் கட்டினார்கள். வாசகர்கள் தாங்கள் பார்த்த சினிமாவைப் பற்றி எழுதி அனுப்புவார்கள். நல்லதாக ஒன்றைப் பொறுக்கிப் போட வேண்டும். நல்லதாக ஒன்று வருவது, மிளகாய் மண்டியில் மல்லிகைப்பூ கிடைப்பது மாதிரி.

ஆசிரியர் ராமசேஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து தினமும் நடந்தே வருவார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேல்துண்டோடு உட்காருவார். தபால் வந்ததும் ஒவ்வொரு உறையையும் பழைய பிளேடால் மூன்று பக்கமும் கீறி விரிப்பார். உறையின் உள்பக்கம்தான் எங்களுக்கு எழுதுகிற காகிதம். முப்பத்தொரு வருஷத்தில் முழு வெள்ளைத் தாளில் நான் எழுதியது என் கல்யாணத்துக்கான லீவு லெட்டர் ஒன்றுதான்.

எந்தக் கட்டுரை வந்தாலும் அவரிடம் ஒரு முறை உண்டு. முதல் தடவை படிக்கும்போது கையில் பென்சில் இருக்கக் கூடாது. "பென்சில் கையில இருந்தா குத்தத்தான் ஓய் தோணும்" என்பார். இரண்டாம் தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூன்றாம் தடவைதான் பென்சில். அப்போதும் அடிக்கமாட்டார். சந்தேகமான வரிக்கு நேரே ஓரத்தில், மணி மணியாக, 'யார் பார்த்தது?' என்று எழுதுவார். மறைந்தவர் புன்னகையுடன் உயிர் நீத்தார் என்று நான் எழுதியிருப்பேன். யார் பார்த்தது? திருவிழாவில் பதினாயிரம் பேர் கூடினர். யார் பார்த்தது? அவர் கேட்டு நான் பதில் சொல்ல முடியாத வரிகளை நானே அடித்துவிடுவேன். சில நாள் இரங்கல் செய்தியில் இறந்தவருடைய பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

எழுபதுகளில் ஒரு தடவை, மகள் கல்யாண விஷயமாக அவர் பாலக்காட்டுக்குப் போனார். ஒரு இதழ் முழுக்க என் பொறுப்பு. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் சரியாகவே எட்டியது.

அந்த வாரம்தான் போனக்காட்டிலிருந்து அந்த விமரிசனம் வந்தது.

போனக்காடு தெரியுமில்லையா? நெடுமங்காடு, வித்துரா தாண்டி மலைமேல் இருக்கிற தேயிலைத் தோட்டம். வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் தமிழ்க்காரர்கள். எழுதியவர் பெயர் செல்லத்துரை, தேயிலை பேக்டரியில் தொழிலாளி. அப்போது தம்பானூர் தியேட்டர் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் படத்தைப் பற்றி எழுதியிருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம். அதை வெகுகாலம் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போதும் பாதிக்கு மேல் மனப்பாடம்.

"சென்ற ஞாயிறன்று அடியேன் படம் காணச் சென்றேன். பஸ்ஸில் கூட்டம். வித்துராவில் ஒரு டீ குடித்தேன். டீ சரியில்லை. தேயிலைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பின்பு சாலைக் கடைத்தெருவில் சாமான்கள் வாங்கினேன். இந்தப் படத்தில் டாக்டர்தான் கொலையாளி. கதை என்னவென்றால், ஒரு மலை பங்களாவில் ஒரு பணக்காரர் கொலை செய்யப்படுகிறார். யார் கொன்றார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒளிப்பதிவு வெளிச்சமாக உள்ளது. பாட்டுகள் காதில் நன்றாகக் கேட்டன. கதாநாயகி அழும்போது எனக்குத் தலைவலி வந்தது, ஆகவே நல்ல நடிப்பு. படத்தில் வரும் மலை எங்கள் மலை போலவே உள்ளது, ஆனால் எங்கள் மலை அல்ல. கார் நன்றாக ஓடியது. மொத்தத்தில் இது மர்மம் நிறைந்த படம். முடிவை நான் சொல்லிவிட்டால் சுவை கெட்டுவிடும் என்பதால் சொல்லவில்லை. வெள்ளித்திரையில் காண்க."

நான் முதல் தடவை படிக்கும்போதே கையில் பென்சில் இருந்தது.

இப்படி ஒரு பொக்கிஷம் கிடைத்தால் எந்தத் துணை ஆசிரியன் சும்மா இருப்பான்? செல்லத்துரை எழுதியதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டேன். பக்கத்திலேயே ஒரு கட்டத்துக்குள் என் குறிப்பு. தலைப்பு: 'வித்துரா டீயும் ஒரு கொலையும்.' அதிலிருந்து கொஞ்சம் தருகிறேன். முழுவதையும் தர இப்போது கூசுகிறது.

"கொலையாளி யார் என்பதைச் சாமான் வாங்கிய வரிக்கு அடுத்த வரியிலேயே உடைத்து, நம் டிக்கெட் காசை மிச்சப்படுத்திய அன்பர் செல்லத்துரை வாழ்க! முடிவைச் சொல்லமாட்டேன் என்று கடைசி வரியில் அவர் காத்த ரகசியத்தை நாமும் காப்போம். கார் ஓடியதாம். ஓடாமல் தியேட்டரில் நின்றிருந்தால் ஆபரேட்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பாட்டு காதில் கேட்டதாம். வேறு எதில் கேட்கும் என்று எதிர்பார்த்தாரோ! அன்பர் இனி டீயைப் பற்றி மட்டும் எழுதினால் தமிழும் பிழைக்கும், சினிமாவும் பிழைக்கும்."

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கெட்ட புத்தி. நான் மேலே போனேன். "உண்மையில், அந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுத்த விதத்திலேயே கொலைவெறி தெரிந்துவிடுகிறது. இரண்டாம் ரீலிலேயே நாம் கண்டுபிடித்துவிட்டோம். இதற்குச் செல்லத்துரையின் உதவி தேவைப்படவில்லை" என்று எழுதினேன்.

நான் படம் பார்க்கவில்லை.

டாக்டர் என்றால் ஸ்டெதாஸ்கோப் இருக்கும், கொலையாளி என்றால் வெறி இருக்கும், இரண்டையும் சேர்த்தேன். அவ்வளவுதான் என் விமரிசன முறை. கம்பாசிட்டர் யேசுவடியான் எழுத்துக் கோக்கும்போதே சிரித்தார். "சார், நீங்க சிரிப்பு எழுத்தாளர் ஆயிருக்கணும்" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

இதழ் வெளியான மூன்றாம் நாள் அந்தத் தியேட்டர் மானேஜர் வாசு நாயர் மாடிப்படி ஏறி வந்தார். கனத்த உடம்பு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு கேட்டது. கொலையாளியை வெளிப்படுத்திவிட்டோம், சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி நாலு வாக்கியம் தயார் பண்ணினேன். அவர் உள்ளே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தாணு ஸாரே, எந்தொரு புத்தி! எந்தொரு புத்தி! படத்தை இந்த வாரத்தோட எடுத்துடணும்னு இருந்தோம். இப்ப பாருங்கோ, ஆளு வரிசையில நிக்குது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"உங்க பத்திரிகை வாயிச்சிட்டு எல்லாரும் டாக்டரையே நோக்கி இருக்கான். டாக்டர் வந்தா 'அதோ, அதோ'ன்னு கூவுறான். பின்னே கடைசியில டாக்டரையே ஆரோ கொன்னு போட்டிருக்கு! ஹாலே ஒண்ணு ஞெட்டிப் போகுது ஸாரே! இது ஐடியா இல்லையா? ஐடியா அல்லாம பின்னே எந்தா?"

நான் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் கொலையாளி இல்லை. டாக்டர் ஒரு பிணம். நான் ஸ்டெதாஸ்கோப்பில் கொலைவெறி கண்ட மனிதர், கடைசி அரைமணி நேரத்தில் பங்களாப் பின்கட்டில் கழுத்து நெரிபட்டுக் கிடக்கிறார்.

"பின்னே ஆரு கொன்னது?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். படத்தைப் பற்றி அத்தனை எழுதியவன் அதைக் கேட்க முடியுமா? மானேஜர் இரண்டு இலவசப் பாஸை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுபடியும் என் கையைக் குலுக்கிவிட்டுப் படி இறங்கினார்.

அவர் ஒருவர்தான் நன்றி சொன்னவர். அடுத்த வாரம் தபால் கொட்டியது. எங்கள் பத்திரிகைக்கு இத்தனை வாசகர்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. "இரண்டாம் ரீலில் கண்டுபிடித்த மேதையே, பிணம் எப்படிக் கொலை செய்தது என்று விளக்குவீரா?" என்று ஒருவர். "செல்லத்துரை டீயாவது குடித்தார். நீர் என்ன குடித்துவிட்டு எழுதினீர்?" என்று இன்னொருவர். நாகரிகமான கடிதங்களைத்தான் சொல்கிறேன்.

ஆசிரியர் பாலக்காட்டிலிருந்து திரும்பினார். சட்டையை ஆணியில் மாட்டினார். உறைகளை ஒவ்வொன்றாகக் கீறினார். எல்லாவற்றையும் பென்சில் இல்லாமல் படித்தார். பிறகு இதழை எடுத்து என் கட்டத்தை வாய்விட்டுப் படித்தார். என்னுடைய நகைச்சுவையை அவர் குரலில், அந்தச் சின்ன அறையில் கேட்டபோது, ஒரு இடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை.

"படம் எப்படி இருந்தது ஓய்?" என்றார்.

"நான் இன்னும் பார்க்கலை ஸார்."

"செல்லத்துரை?"

"அவரும் முழுசாப் பார்த்திருக்கமாட்டார் போல."

"அவர் பாதியாவது பாத்திருக்கார்" என்றார்.

அவ்வளவுதான் திட்டு. அன்று மத்தியானமே இலவசப் பாஸை எடுத்துக்கொண்டு என்னை மேட்னிக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகிற தகப்பன் மாதிரி முன்னால் நடந்தார். டாக்டர் வரும்போதெல்லாம் ஜனங்கள் "அதோ" என்று கூவினார்கள். அப்போதெல்லாம் ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த டாக்டர் படத்தில் ஒரு இடத்திலும் ஸ்டெதாஸ்கோப்பைத் தொடவே இல்லை. கடைசியில், இருபது வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருந்த அத்தை எழுந்து நடந்து வந்து, நான்தான் கொன்றேன், சொத்துக்காக என்றாள். இரண்டரை மணி நேரம் கஷ்டப்பட்டு ஓட்டிய படத்தை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். மோசமான படம்தான். ஆனால் அதைச் சொல்கிற யோக்யதை எனக்கு இல்லாமல் போயிற்று.

ஆபீசுக்கு வந்ததும், "திருத்தம் எழுதும்" என்றார்.

நானும் எழுதினேன். 'கடந்த இதழில் இடம்பெற்ற குறிப்பில் தவிர்க்க இயலாத காரணங்களால் சில தகவல் பிழைகள் நேர்ந்துவிட்டன' என்று ஆரம்பித்து ஒன்பது வரி. அவர் படித்தார். 'தவிர்க்க இயலாத' என்பதற்கு எதிரே, யார் பார்த்தது? 'சில' என்பதற்கு எதிரே, யார் பார்த்தது? நான் அடித்தேன். மறுபடி கொடுத்தேன். மறுபடி கேள்வி. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அந்த ஒன்பது வரி ஒரு வரியாகச் சுருங்கியது: 'அந்தப் படத்தை நான் பார்க்காமல் எழுதினேன். சிதம்பரதாணு, துணை ஆசிரியர்.' என் பெயர் அந்தப் பத்திரிகையில் தடித்த எழுத்தில் வந்தது அதுவே முதல் தடவை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து போனக்காட்டிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் அன்னம்மாள், தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில் ஆயா.

"ஆசிரியருக்கு வணக்கம். செல்லத்துரை அண்ணன் மாதம் ஒரு தரம் டவுனுக்குப் போய் லயத்துக் குடியிருப்புக்காரர்களுக்கு எல்லாம் சாமான் வாங்கி வரும். சினிமா பார்த்து வரும். அடுத்த ஞாயிறு எங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லும். நாங்கள் யாரும் டவுனில் போய்ப் படம் பார்த்தவர்கள் அல்ல. நீங்கள் எழுதினதை, எங்கள் பேர் பதியும் மஸ்டர் ஆபீஸ் கிளார்க்கு சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணன் இப்போது கதை சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவதும் இல்லை. அண்ணனுக்கு அவமானம் என்றால் அது அண்ணன் பாடு. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் போச்சு."

ஆசிரியர் கார்டைப் படித்துவிட்டு என் மேஜையில் வைத்தார். இந்தத் தடவை அவர் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. "ஞாயித்துக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரியும்" என்றார்.

போனேன். வித்துராவில் பஸ் மாற வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீ குடித்தேன். நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன். டீ சரியில்லை.

மலை ஏற ஏற மூடுபனி. தோட்டத்தில் இறங்கியதும் லயம் எது என்று கேட்டேன். நீளமான ஓட்டுக் கட்டடம், ஒரே சுவரில் பத்துப் பன்னிரண்டு கதவு. ஒரு கதவு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கை ஓட்டையான ஸ்வெட்டரோடு, விறகு பிளந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். கோடரியைக் கீழே வைத்தார். ஒன்று ஓங்கி விடுவார் என்று எதிர்பார்த்தேன். பெற்றுக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"அய்யா இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ஈரம். உள்ள வாங்க, கால்ல அட்டை ஏறும்" என்றார்.

உள்ளே ஒரே அறை. கறுப்புக் காப்பி கொடுத்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அய்யா எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லை. நான் எழுதினது அப்படித்தான் இருந்துது. அச்சுல பாத்ததும் எனக்கே தெரிஞ்சுது. ஆனா டாக்டர் விஷயம் பொய்தான். அஞ்சு மணிக்கு டவுன்ல இருந்து பஸ். அதை விட்டா மலையேற வழியில்லை. எந்தப் படத்துக்கும் கடைசி அரைமணி நேரம் நான் பாத்ததில்லை."

"அப்ப இங்க இவங்களுக்குச் சொன்ன முடிவு?"

"பஸ்ஸுல வரும்போது யோசிச்சு வைப்பேன்."

"எத்தனை படத்துக்கு?"

"எல்லாத்துக்கும்தான்." தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டரே செத்துப்போறான்னு பஸ்ஸுல பேசிக்கிட்டது இங்க வரைக்கும் வந்துட்டுது. இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பதினஞ்சு வருஷமாப் பொய் சொல்லியிருக்கான்னு ஆயிட்டுது. அதான் வெளிய போறதில்லை."

பார்க்காத படத்தின் இரண்டாம் ரீலிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்தவன் நான்.

அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "அய்யா கோவிச்சுக்கக் கூடாது. மூணு வாரமாத் தூக்கமில்லை. டாக்டர் இல்லைன்னா, பின்ன யாரு?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "இங்க வச்சுச் சொல்லாதிங்க!" என்று ஒரு குரல். கதவுக்கு வெளியே நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அதுதான் அன்னம்மாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. "எங்களுக்கும் மூணு வாரம் ஆச்சு. எல்லாருக்கும் சேத்துச் சொல்லுங்க. அண்ணா, நீயும் வா. வரலைன்னா பத்திரிகைக்காரர் ஒத்தையில நிப்பாரு, பாவம்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு லயத்து வாசலில் கூடிவிட்டார்கள். சாக்கை விரித்து உட்கார்ந்தவர்கள், பிள்ளையை மடியில் போட்டவர்கள், சுவரில் சாய்ந்தவர்கள். ஒரு முப்பது நாற்பது பேர் இருக்கும். செல்லத்துரை எல்லாருக்கும் பின்னால், கதவு ஓரமாக நின்றார். கிளார்க்கும் வந்திருந்தார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். பட்டம் வாங்கியவன், பத்து வருஷமாகப் பத்திரிகையில் இருப்பவன், படத்தை இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அதாவது, சக்கர நாற்காலியில் இருக்கிற அத்தைதான் கொலைகாரி..."

"அய்யய்யோ!" என்று ஒரே கூச்சல். ஒரு கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "எடுத்த எடுப்பிலேயே சொல்லிட்டாரே!" என்றாள் ஒருத்தி. கிளார்க்கு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சமாளித்துக்கொண்டு மேலே சொன்னேன். சொத்து, உயில், ரகசியக் கதவு, போலீஸ். ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோனது. ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

"இவ்வளவுதானா?" என்று கேட்டார் கிழவர்.

"இவ்வளவுதான்."

"இதுக்கா டவுன்ல வரிசையில நிக்கான்?"

அப்போது பின்னாலிருந்து செல்லத்துரையின் குரல் வந்தது. "அய்யா சொன்னது சரி. அத்தைதான். அதை நான் தப்பாச் சொன்னேன்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் ஸ்டூல் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் எல்லார் முகத்தையும் பார்த்தார். "ஆனா அவ நாற்காலியில இருந்து எப்பம் எந்திரிச்சான்னு நீங்க யாரும் கேக்கலையே" என்றார்.

பிறகு ஆரம்பித்தார். முதலிலிருந்து. பங்களா வாசலில் கார் வந்து நிற்கிறதை அவர் சொன்னபோது, கதவு திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கொலைகாரி யார் என்று அங்கே இருந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலேயே அத்தை பேரை எடுக்கும்போதெல்லாம் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாரையும் பார்க்கிறாள். வேலைக்காரி தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். அவளுடைய அண்ணன், அந்தப் பணக்காரன், தினமும் அவளைத் தாண்டித்தான் போகிறான், வருகிறான். அவளுக்குக் கால் சரியாகி ஏழு வருஷம் ஆகிறது. யாரும் கேட்கவில்லை. டாக்டருக்கு மட்டும் தெரியும். அவனும் பீஸ் வாங்கிக்கொண்டு சொல்லாமல் இருக்கிறான்.

"ஒருநாள் அண்ணன் அவ முன்னாலேயே நின்னுக்கிட்டு, 'இந்த ஜன்னலை அடைச்சுரு, குளிர் வருது'ங்கான். வேலைக்காரிகிட்டச் சொல்லுதான். இவ அங்க இருக்கான்னே அவனுக்கு ஞாபகமில்லை. அன்னைக்கு எந்திரிச்சா."

அத்தோடு நிறுத்தினார். சொத்து இல்லை, உயில் இல்லை. முன்வரிசையில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். படத்தை முழுசாகப் பார்த்தவன் நான். ஆசிரியருக்குப் பக்கத்தில் கண்கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தவன். இந்தக் கதை அதில் எங்கேயும் இல்லை. அன்றைக்கு என் மனதில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதை ஏன் படமாக எடுக்கவில்லை?

கூட்டம் கலைந்தபோது அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "செல்லத்துரை, இப்படியே எழுதிக் கொடுங்க. ஒரு எழுத்து மாத்தமாட்டேன். என் குறிப்பு, கட்டம், ஒண்ணும் இருக்காது. ஆசிரியர்கிட்ட நான் பேசுதேன்."

அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

"வேண்டாம் அய்யா. நான் முயற்சி பண்ணாததா? பேனாவை எடுத்து உக்காந்தா எதிர்ல யாரும் இருக்கமாட்டாங்க. சுவருதான் இருக்கும். சுவருகிட்ட என்னத்தைச் சொல்ல? அதான் பஸ்ஸைப் பத்தி, கூட்டத்தைப் பத்தி எழுதிடுதேன். இங்கன்னா முகம் இருக்கு. ஒரு முகம் வாடினா கதையை இந்தப் பக்கம் திருப்பலாம்."

எத்தனையோ விமரிசன நூல்கள் படித்திருக்கிறேன். இதை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் பென்சிலோடுதான் படித்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் பத்திரிகைக்கு எழுதவே இல்லை. அடுத்த மாதம் அவர் டவுனுக்கு வந்தபோது வாசு நாயரைப் பிடித்து, மேட்னியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைமணி முன்னால் தொடங்கக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன். "ஒரு ஆளுக்கு வேண்டியா ஸாரே?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதை நான் செல்லத்துரையிடம் சொன்னபோது அவர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். முழுசாகப் பார்த்தால் தனக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்றார்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் மலர் போடுகிறவர்களுக்குப் பிடிக்கும். திருந்தவில்லை. பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வந்தவர்களில் பாதிப் பேரைக் கிண்டல் செய்தேன். ஆனால் ஒவ்வொரு படத்தையும் கடைசி 'வணக்கம்' வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் செய்தேன். அதில் பட்ட தண்டனை கொஞ்சமா? நான் பார்த்த படங்களின் பட்டியலைத் தந்தால் நீங்களே என்னை மன்னித்துவிடுவீர்கள்.

போனக்காட்டுக்குப் போன அன்று மாலை பஸ்ஸுக்கு அன்னம்மாள் என்னோடு வந்தாள். பொட்டலத்தில் கொஞ்சம் தேயிலைத் தூள் கொடுத்தாள். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலருகே வந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

"அய்யா தப்பா நினைக்கக் கூடாது. நீங்க எழுதுங்க, நல்லாத்தான் இருக்கு. கதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதிங்க."